அவரவர் நடை

மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள கொடிமலையில் ஏறும் குழுக்களோடு ஆறு ஆண்டுகளாக நடந்து வருகிறேன். குழுவாக மலையேறும்போது வேகத்தைத் தீர்மானிக்க வேண்டியவர் அக்குழுவில் மிக மெதுவாக நடப்பவர்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதை அவருக்குக் காட்டும் சலுகையாக எண்ணாமல், வீட்டிலிருந்து புறப்படும் முன்பே நேரக் கணக்கில் சேர்த்துவிட வேண்டும். அண்மையில் நடந்த ஒன்றுதான் இதை எழுத வைத்தது.

தாவரவியல் பூங்காவுக்கு அருகிலுள்ள மூன் கேட் வாசலிலிருந்து பதினான்கு பேர் புறப்பட்டோம். எங்களோடு வந்த ஓர் அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது. முழங்கால் வலி இருந்தாலும், ஓர் ஊன்றுகோலோடு நிதானமாக ஏறக்கூடியவர். முதல் அரை மணி நேரத்திலேயே இளையவர்கள் முன்னே போய்விட்டார்கள். "அக்கா, நீங்க மெதுவா வாங்க, நாங்க மேலே காத்திருக்கோம்" என்றார் வழிநடத்தியவர். சொன்னபடியே ஒவ்வொரு திருப்பத்திலும் காத்திருந்தோம். நாங்கள் கல்லின்மேல் அமர்ந்து, தண்ணீர் குடித்து, மூச்சு அடங்கி, பத்து நிமிடம் பேசிக்கொண்டிருப்போம். அக்கா வேர்த்து நனைந்து வந்து சேர்வார். அவர் வந்த உடனே, "வந்துட்டாங்க, போகலாம்" என்று யாராவது எழுவார், எல்லாரும் எழுவோம். எழுந்தவர்களில் நானும் ஒருத்தி. யாருக்கு ஓய்வு அதிகம் தேவையோ அவருக்கு மட்டும் அன்று ஓய்வே கிடைக்கவில்லை என்பது, தன்னார்வலர்கள் பராமரிக்கும் வழி ஓய்விடமான 84ஆம் நிறுத்தத்தில் அவர் தேநீர்க் குவளையை இரண்டு கையாலும் பிடித்தும் அது நடுங்கியதைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. "இனிமேல் நான் வரலம்மா, உங்களுக்குத் தொந்தரவு" என்று இறங்கும் வழியில் சொன்னார். அந்தச் சொல்லை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

அவர் மெதுவாக நடந்ததில் குறை ஒன்றும் இல்லை. குறை எங்கள் கணக்கில் இருந்தது. 1892ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் ஒரு கணக்கை எழுதிவைத்தார்: மூன்று மைலுக்கு, அதாவது ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். பூங்காவிலிருந்து மேலே போகும் ஜீப் பாதை சுமார் ஐந்து கிலோமீட்டர். ஏற்றம் எழுநூறு மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கணக்குப்படி இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகமாகும். ஆனால் அது குளிர்நாட்டில் உடற்கட்டோடு இருந்தவர்களுக்காக எழுதிய கணக்கு. பினாங்கின் ஈரக்காற்றில் வேர்வை உலராது, ஆகவே உடலின் சூடும் எளிதில் தணியாது. ஐம்பத்தெட்டு வயது முழங்காலுக்கு இங்கே நான்கு மணி நேரம் என்று எழுதிக்கொண்டு புறப்பட்டிருந்தால், அன்று யாருமே தாமதமாக வந்தவர் ஆகியிருக்க மாட்டார்.

அமெரிக்காவின் அப்பலாச்சியன் நெடுவழியில் நடப்பவர்களிடையே, அவரவர் நடையை அவரவர் நடக்கட்டும் என்ற பொருளில் ஒரு சொல்வழக்கு உண்டு. ஜோர்ஜியாவின் ஸ்பிரிங்கர் மலைக்கும் மேய்னின் கட்டாடின் மலைக்கும் இடையே, 14 மாநிலங்களின் ஊடாக ஏறத்தாழ 3,500 கிலோமீட்டர் நீளும் பாதை அது. 2024இல் தாரா டவர் என்ற பெண், உதவியாளர்களின் துணையோடு அதை 40 நாட்கள் 18 மணி நேரத்தில் கடந்தார். 1955இல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி, தாமே தைத்த துணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு, சாதாரணத் துணிக் காலணியோடு 146 நாட்களில் நடந்து முடித்தார். பிற்பாடு இன்னும் இரண்டு முறை அந்தப் பாதையை முடித்த அவர், மூன்றாம் முறை பகுதி பகுதியாக நடந்து 1964இல் நிறைவு செய்தார். ஒரே பாதையில் இருவருக்கும் இடம் இருக்கிறது. பகுதி பகுதியாக நடந்தது குறைந்த நடை என்று அங்கே யாரும் கணக்கு வைப்பதில்லை.

அதே சமயம், தன் வேகம் என்பது நேரத்தை மறந்து நடப்பதாகாது. தெற்கிலிருந்து நடந்து வருபவர்களுக்குக் கட்டாடின் கடைசியில் நிற்கிறது. அங்கே அக்டோபர் நடுவில் முகாம்களை மூடிவிடுவார்கள், பனியும் தொடங்கிவிடும். அதற்குள் போய்ச் சேர முடியாது என்று தெரிந்தவர்கள் பாதி வழியில் வண்டியேறி வடமுனைக்குப் போய், அங்கிருந்து தெற்கு நோக்கித் திரும்பி நடந்து, விட்ட இடத்தில் வந்து முடிக்கிறார்கள். வேகத்தைக் கூட்டாமல் வழியை மாற்றிக்கொள்ளும் இந்த முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கொடிமலையில் நாமும் அதைச் செய்யலாம். மெதுவாக நடப்பவர் 84ஆம் நிறுத்தம் வரை ஏறித் திரும்பட்டும். அல்லது உச்சி வரை நடந்து ஏறிவிட்டு, முழங்காலை வருத்தும் இறக்கத்துக்கு மலை ரயிலைப் பிடிக்கட்டும். 1923 முதல் அந்த ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது.

நம் நாட்டில் பலரை அவசரப்படுத்துவது விடுப்பும் பணமும்தான் என்பதையும் நான் அறிவேன். தீபகற்பத்தின் உச்சியான 2,187 மீட்டர் தகான் மலைக்குப் போக வேண்டுமானால் வழிகாட்டி வேண்டும், வேன் வேண்டும், வேலையிடத்தில் நாள் வாங்க வேண்டும். ஒரு நாள் கூடினால் உணவுச் சுமையும் செலவும் கூடும். ஆகவே நாட்களைக் குறைத்துத் திட்டமிடுகிறார்கள். குறைந்த நாளுக்குள் அடங்காத கால்களைக் குற்றம் சொல்கிறார்கள். கூடுதலாகும் அந்த ஒரு நாளின் செலவை எல்லாரும் பங்கிட்டுக்கொள்ள முடியுமா என்று முன்கூட்டியே கேட்பதுதான் நேர்மை. முடியாதென்றால் அந்தப் பயணம் யாருக்கு ஏற்றது என்பதை அறிவிப்பிலேயே தெளிவாக எழுதிவிட வேண்டும். பாதி மலையில் ஒருவருக்கு அதை உணர்த்துவது கொடுமை.

இந்த மரியாதை நமக்குப் புதிதும் அல்ல. தைப்பூசத்தன்று பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி வருவதைப் பாருங்கள். காவடி எடுப்பவருக்குப் பின்னால் அண்ணனோ மச்சானோ ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வருவார். அவர் தளர்ந்தால் முக்காலியைப் போட்டு உட்கார வைத்து, காலைப் பிடித்துவிட்டு, அவராக எழும்வரை சுற்றி நின்று வேல் வேல் என்று பாடுவார்கள். பின்னால் வரும் காவடி சற்று ஒதுங்கிப் போகும். 513 படிகளையும் எத்தனை நிமிடத்தில் ஏறினாய் என்று யாரும் கேட்பதில்லை. அதே தண்ணீர்மலைப் பக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மலையேறும்போது மட்டும் கைக்கடிகாரத்தை ஏன் பார்க்கிறோம்?

என்னோடு நடக்கும் குழுவினரிடம் சில மாற்றங்களைக் கேட்டிருக்கிறேன். மெதுவாக நடப்பவர் முன்னால் போக வேண்டும். வழி தெரிந்த ஒருவர் கடைசியில் வர வேண்டும். கடைசி ஆள் வந்து உட்கார்ந்த பிறகே ஓய்வு நேரம் தொடங்க வேண்டும். எந்த மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவோம் என்பதைக் கீழேயே பேசி முடித்துவிட வேண்டும். வேகமாகப் போக விரும்பும் தம்பிகள் தனியாக ஓர் அணி அமைத்து, மனம்போல் ஓடட்டும். அவர்கள் நடையும் அவர்கள் நடைதான்.

அக்காவை வீட்டில் போய்ப் பார்த்தேன். முதலில் மறுத்தார். திரும்பத் திரும்பக் கேட்ட பிறகு, "84 வரைக்கும்தான் வருவேன்" என்றார். வரும் ஞாயிறு காலை வெளிச்சம் வந்ததும் ஏழரை மணிக்கு மூன் கேட்டில் கூடுகிறோம், பசியாறிவிட்டு வாருங்கள். அக்கா முன்னால் நடப்பார்.