பிள்ளை என்ன படிக்கிறது என்பதைத் தவிர மற்ற எல்லாம் சொல்கிறார்கள்!

பள்ளிக்கூட வாட்ஸ்அப் குரூப்பில் ஒரே நாளில் வந்தவற்றைச் சொல்கிறேன். வேன் ஃபீஸ் பத்தாம் தேதிக்குள் கட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை வெள்ளைச் சீருடை, வெள்ளை ஷூ. ஓணத்துக்குப் பூக்கோலம் போடும் அத்தப்பூ போட்டியில் எடுத்த போட்டோக்கள், விரல் வலிக்கும்வரை தள்ளிக்கொண்டே போகலாம். பிறகு ராத்திரி ஒன்பதரை மணிக்கு, ‘நாளை எல்லாப் பிள்ளைகளும் பச்சை சார்ட் பேப்பர் கொண்டு வரவும்.’ எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில், டவுனான மார்த்தாண்டத்திலேயே அந்த நேரத்தில் ஸ்டேஷனரி கடை ஷட்டரை இறக்கியிருப்பான். உள்கிராமத்தில் இருக்கிற நாங்கள் எங்கே போய் வாங்குவது?

என் மகள் ஐந்தாம் வகுப்பு. பள்ளி திறந்த ஜூன் முதல் அந்தக் குரூப்பில் வரும் ஒவ்வொரு மெசேஜையும் படிக்கிறேன். கணக்கில் இப்போது எந்தப் பாடம் ஓடுகிறது, சயின்ஸில் என்ன செய்து காட்டினார்கள், தமிழில் எங்கே திணறுகிறாள் என்று ஒரு வரி வந்ததில்லை. சரி, நாமே கேட்கலாம் என்றால் கேட்கவும் முடியாது. அட்மின் மட்டும்தான் அதில் பேசலாம். பெற்றோர் பார்க்கலாம், படிக்கலாம், பணம் கட்டலாம், அவ்வளவுதான்.

‘பிள்ளையிடம் கேட்டால் சொல்லுமே’ என்பார்கள். ஒன்றாம் வகுப்பில் சொல்லும். டீச்சர் கட்டிய சேலை நிறம்வரை வேனிலிருந்து இறங்கும்போதே சொல்லிக்கொண்டு வரும். ஒன்பது பத்து வயதானால் அந்தப் பேச்சு நின்றுவிடுகிறது. “இண்ணைக்கு கிளாஸ்ல என்ன மக்களே நடந்துது?” என்று கேட்டால், “ஒண்ணும் நடக்கல்ல” என்று பையைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டுப் போகிறாள். எல்லா வீட்டிலும் இதே பதில்தான். சரியாக இந்த வயதில்தான் பாடமும் கனக்கிறது. பின்னம் வருகிறது, பெரிய வகுத்தல் வருகிறது, சயின்ஸும் சோஷியலும் தனித்தனிப் புத்தகமாகத் தடிக்கிறது. பிள்ளை வாயை மூடும் அதே நேரத்தில் பள்ளிக்கூடமும் வாயை மூடிக்கொண்டால் பெற்றவர்கள் யாரைப் போய்க் கேட்பது?

டைரி என்று ஒன்று இருக்கிறது. நூற்றைம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு பள்ளியின் படம் போட்ட அட்டையோடு தருகிறார்கள். அதில் பிள்ளை கையெழுத்தில் ‘மேத்ஸ் பேஜ் 47, சயின்ஸ் லேர்ன் 1 டு 5’ என்று இருக்கும். நான் கீழே கையெழுத்துப் போட வேண்டும். எதற்குக் கையெழுத்துப் போடுகிறேன்? 47ஆம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அவளுக்குப் புரிந்ததா என்பது எனக்கும் தெரியாது, அந்த டைரிக்கும் தெரியாது.

போன மாதம் அவள் கணக்கு நோட்டை எடுத்துப் பார்த்தேன். மணிமணியான எழுத்து. பென்சிலில் அடிக்கோடு. ஒவ்வொரு கணக்குக்கும் சிவப்பு மையில் டிக், பக்கத்தின் அடியில் ‘வெரி குட்’, அதற்கு மேல் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர். பின்னப் பாடம் முழுக்க அப்படித்தான். சும்மா கேட்டேன், “ஒன் பை த்ரீ பெருசா, ஒன் பை ஃபோர் பெருசா?” யோசிக்கவே இல்லை. “ஒன் பை ஃபோர். மூணைவிட நாலு பெருசுல்லா?” என்றாள்.

எனக்கு அடிவயிறு கலங்கிப்போனது. பழைய நோட்டிலிருந்து ஒரே நீளத்தில் இரண்டு துண்டுக் காகிதம் கிழித்தேன். ஒன்றை மூன்றாக மடி, மற்றதை நான்காக மடி என்றேன். மடித்தாள், பிரித்தாள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். “எம்மா, நாலா மடிச்சா துண்டு சின்னதாப் போவுது!” அவ்வளவுதான் விஷயம். பத்து நிமிஷம் ஆகவில்லை. அப்புறம் ஒன் பை ஃபைவ், ஒன் பை எய்ட் என்று அவளே அடுக்கிக்கொண்டு போனாள். இந்தப் பத்து நிமிஷத்தை நான் முன்னமே கொடுத்திருப்பேனே! வகுப்பில் பின்னம் தொடங்கிவிட்டது, வீட்டில் ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் என்று ஒரு வரி வந்திருந்தால் போதுமே! போர்டைப் பார்த்து எழுதிய விடைக்கு டிக் போட்டு ஸ்டிக்கர் ஒட்டி அனுப்பினால், பெற்றவர்கள் பிள்ளைக்கு எல்லாம் தெரியும் என்றுதானே நம்புவார்கள்?

பிறகு பருவத் தேர்வு முடிந்து மீட்டிங் வைக்கிறார்கள். அங்கே ரேங்க் கார்டைக் கையில் தந்து, “மேத்ஸ்ல கொஞ்சம் வீக், வீட்டுல நல்லா கவனிங்க” என்கிறார்கள். எதில் வீக்? கூட்டலிலா, வகுத்தலிலா, கேள்வியைப் படித்துப் புரிந்துகொள்வதிலா? விடைத்தாளைக் காட்டச் சொன்னால் அங்கேயே நின்று பார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும். பின்னால் வரிசையில் ஆள் நிற்கிறது, டீச்சரும் கடிகாரத்தைப் பார்க்கிறார். பிள்ளை எழுதிய விடைத்தாளை வீட்டுக்குக் கொண்டுபோய் அவளோடு உட்கார்ந்து பார்க்க எனக்கு உரிமை இல்லையா? அதில் என்ன ராணுவ ரகசியம் இருக்கிறது?

அந்த மீட்டிங்கையும் வேலைநாளில் பதினொரு மணிக்கு வைக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் அந்த நேரத்தில் யார் சும்மா இருக்கிறார்கள்? அண்டி ஆபீஸுக்கு, அதாவது முந்திரி ஆலைக்குப் போகும் அம்மாவுக்கு அன்றைய கூலி போச்சு. வெளுக்கும் முன்னே ரப்பர் பால் வெட்டப் போனவர் அப்போதும் ஷீட் அடித்துக்கொண்டு இருப்பார். தூத்தூர் பக்கத்து அப்பாக்கள் ஆழ்கடலில் போட்டில் இருப்பார்கள். பாதி வீட்டு அப்பாக்கள் துபாயிலும் சவுதியிலும். அதனால் பாட்டி வருகிறார். என் முன்னால் நின்ற ஒரு பாட்டியிடம் டீச்சர், “கான்செப்ட் கிளியரா இல்ல, ரிவிஷன் பத்தாது” என்று சொன்னார். பாட்டி தலையை ஆட்டினார். வெளியே வந்து என்னிடம், “பிள்ளைக்கு என்ன சுகமில்லியாம் மக்களே?” என்று கேட்டார். என்ன பதில் சொல்வேன்? அந்த வீட்டு அப்பா அன்று ராத்திரி வீடியோ காலில் கூப்பிட்டு மகன் எப்படிப் படிக்கிறான் என்று கேட்டால் பாட்டி என்ன சொல்லுவார்? அந்த மனுஷன் அங்கே வெயிலில் வேகுவதே இந்தப் படிப்புக்காகத்தான்.

நாங்கள் கேட்பது சலுகை இல்லை. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 24ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளைச் சொல்கிறது. பெற்றோரைத் தவறாமல் கூட்டி, பிள்ளையின் வருகை, கற்கும் திறன், படிப்பில் கண்ட முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்பது அதில் ஒன்று. அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது, அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். உதவி பெறாத தனியார் பள்ளிக்கு அந்தக் குழு கட்டாயம் இல்லை. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்று 2014ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, நம் மாவட்டத்தில் அந்த வகைப் பள்ளிகள் நிறைய உண்டு. என் மகள் படிப்பது சிறுபான்மையினர் பள்ளியும் இல்லை. இருந்தும் பள்ளி ஆபீஸில் அந்த 24ஆம் பிரிவைச் சொன்னபோது, “அதெல்லாம் கவர்மென்ட் ஸ்கூலுக்கு மேடம்” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இன்னொன்று. 2012-13ல் தமிழ்நாட்டில் முப்பருவ முறையும் தொடர் மதிப்பீடும் வந்தபோது, தேர்வுக்கு 60, வகுப்பில் செய்யும் செயல்பாடுகளுக்கும் சிறு தேர்வுகளுக்கும் 40 என்று பிரித்தார்கள். நல்ல எண்ணம். பிள்ளை செய்து, பேசி, பார்த்துப் படிக்கட்டும் என்று கொண்டு வந்தது. அந்த 40 இன்று எங்கள் வீட்டுத் திண்ணையில்தான் நடக்கிறது. தெர்மோகோலில் வீடு, சார்ட்டில் சூரியக் குடும்பம், கம்ப்யூட்டர் சென்டரில் பிரிண்ட் எடுத்து ஒட்டிய தலைவர்கள். அதற்கு 18, இதற்கு 19 என்று மார்க் விழுகிறது. அந்தச் செயல்பாட்டில் பிள்ளை எதைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எந்தப் பெற்றோருக்கும் யாரும் சொல்வதில்லை. சொன்னால் நாங்கள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுப் பிள்ளையைச் செய்ய விடுவோம்.

டீச்சர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள், கையில் வாங்கும் சம்பளமோ வாய்விட்டுச் சொல்ல முடியாதது. போட்டோ எடு, குரூப்பில் போடு, ஃபேஸ்புக்கில் ஏற்று என்று அவர்களை விரட்டுவது மேனேஜ்மென்ட். அடுத்த வருஷ அட்மிஷனுக்கு அந்தப் போட்டோ வேண்டும். வகுப்பில் நடக்கும் பாடத்தை போட்டோ எடுத்து விளம்பரம் போட முடியாது, அதனால் அதைப் பற்றிப் பேச்சும் இல்லை. அந்த போட்டோ வேலையில் பாதி நேரத்தை மிச்சம் பிடித்தால் நான் கேட்பதை டீச்சர் தாராளமாக எழுதிவிடலாம்.

1809ல் மயிலாடியில் மிஷனரி ரிங்கல்தௌபே பள்ளிக்கூடம் தொடங்கியதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லும் மாவட்டம் இது. 2011 மக்கள்தொகைக் கணக்கில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். இங்கே அம்மாக்களுக்குப் படிக்கத் தெரியும். டிகிரி முடித்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் எங்கள் தெருவிலேயே எத்தனை பேர்! என்ன நடக்கிறது என்று சொன்னால் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் இருக்கிறது. சொல்லாமல் வைத்திருப்பதால் என்ன ஆகிறது? எல்லாரும் டியூஷனுக்கு ஓடுகிறோம். டியூஷன் டீச்சர்தான் எங்களிடம், “இவளுக்கு ஏழாம் வாய்ப்பாடே தடுமாறுது” என்று முதலில் சொல்கிறார். பள்ளிக்கு ஆயிரக்கணக்கில் கட்டிவிட்டு, பிள்ளையின் நிலையைத் தெரிந்துகொள்ள இன்னொரு இடத்தில் தனியாகப் பணம் கட்டுகிறோம்!

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு வரி போதும். இந்த வாரம் என்ன நடத்தினோம், அடுத்த வாரம் என்ன வரும், வீட்டில் எதைக் கேட்டுப் பார்க்கலாம், என்ன பொருள் வாங்கி வைக்க வேண்டும். தமிழில் எழுதுங்கள், எழுத நேரம் இல்லை என்றால் குரலில் பதிந்து அனுப்புங்கள், பாட்டிக்கும் புரியும், கடல் தாண்டி இருக்கும் அப்பாவுக்கும் போய்ச் சேரும். திருத்திய விடைத்தாளை ஒரு ராத்திரி வீட்டுக்குக் கொடுங்கள், மறுநாள் கையெழுத்தோடு வந்துவிடும். மீட்டிங்கை சனிக்கிழமை வையுங்கள். தடுமாறுகிற பிள்ளையின் வீட்டுக்குத் தேர்வு வரும்வரை காத்திராமல் அன்றைக்கே ஒரு போன் போடுங்கள்.

இதையே ஒரு தாளில் எழுதி வேன் நிறுத்தத்தில் அம்மாக்களிடம் கையெழுத்து வாங்கத் தொடங்கிவிட்டோம். பெயர் போட்டால் பிள்ளையை வகுப்பில் எதுவும் சொல்வார்களோ என்று இரண்டு பேர் பயந்தார்கள், அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. மற்றவர்கள் போட்டுவிட்டார்கள். குரூப்பில் எங்களுக்குப் பேச இடமில்லாததால் தாளை நேரில் கொண்டுபோய் பிரின்சிபால் மேசையில் வைக்கப்போகிறோம்.