கடைசி நிமிடக் கோல்கள் இல்லாவிட்டாலும் லெவர்குசன்தான் சாம்பியன்

"லெவர்குசனா? அதிர்ஷ்டக்காரர்கள் சார். கடைசி நிமிடத்தில் கோல் போட்டுப் போட்டே கோப்பையைத் தூக்கிவிட்டார்கள்."

ஜெர்மன் கால்பந்து லீகான புண்டஸ்லீகாவின் 2023-24 சீசனைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. சொல்கிறவர் பெரும்பாலும் அந்தக் கோல்களை வரிசையாக வெட்டி ஒட்டிய மூன்று நிமிட வீடியோ ஒன்றைப் பார்த்திருப்பார். ஆகஸ்டிலிருந்து மே வரை அந்த அணியைத் தொடர்ந்து பார்த்தவனுக்கு இந்த ஒற்றை வரி தரும் எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. அதனால்தான் இவ்வளவு நீளமான பதிவு. பொறுத்தருள்க.

முதலில் அவர்கள் வழியிலேயே போய்ப் பார்க்கிறேன். லீக் ஆட்டங்களில் இஞ்சுரி டைமில், அதாவது 90 நிமிடம் முடிந்தபின் தரப்படும் கூடுதல் நேரத்தில், லெவர்குசன் அடித்து முடிவை மாற்றிய கோல்களை அழித்துவிடுவோம். செப்டம்பரில் மியூனிக்கில் பேயர்னுக்கு எதிராக 94-வது நிமிடத்தில் பாலாசியோஸ் அடித்த பெனால்டி. ஜனவரியில் ஆக்ஸ்பர்கில் அதே பாலாசியோஸ். அடுத்த வாரமே லைப்சிக்கில் இன்காபியே. மார்ச் இறுதியில் ஹாஃபன்ஹைமுக்கு எதிராக ஷிக். ஏப்ரலில் டார்ட்மண்டில் ஸ்டானிசிச். அதற்கடுத்த வாரம் ஸ்டட்கார்ட்டுக்கு எதிராக ஆண்ட்ரிச். மொத்தம் ஆறு. இவற்றால் லெவர்குசனுக்குக் கிடைத்தவை 9 புள்ளிகள். அவர்கள் எடுத்த 90-இலிருந்து 9-ஐக் கழித்தால் 81. அந்த ஆட்டங்களில் எதிரணிகள் இழந்த புள்ளிகளையும் பெருந்தன்மையாகத் திருப்பிக் கொடுத்துவிடுவோம். இரண்டாமிடம் பிடித்த ஸ்டட்கார்ட் 73-இலிருந்து 75-க்கு ஏறும், பேயர்ன் 72-இலிருந்து 74-க்கு. அப்போதும் லெவர்குசன் 6 புள்ளிகள் முன்னால்தான் நிற்கிறது.

ஆக, பட்டம் 90 நிமிடங்களுக்குள் வெல்லப்பட்டது. அந்தக் கோல்கள் தந்தது வேறொன்றை: தோல்வியே இல்லை என்ற பெருமையை. மியூனிக், டார்ட்மண்ட், ஸ்டட்கார்ட் ஆகிய மூன்று ஆட்டங்களும் தோல்வியாகியிருக்கும். 28 வெற்றி, 6 டிரா, 0 தோல்வி என்ற அந்த வரிசை கலைந்துபோயிருக்கும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் பிரச்சினை.

சரி, பட்டம் எங்கே வெல்லப்பட்டது? யாரும் வெட்டி ஒட்டாத சனிக்கிழமைகளில். ஜெர்மனியில் பிற்பகல் மூன்றரைக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்குக் கோடையில் இரவு ஏழு மணிக்கும் குளிர்காலத்தில் எட்டு மணிக்கும் வரும். வீட்டில் சண்டை வராத நேரம். ஸ்பெயின் லீகின் பிந்தைய ஆட்டங்களைப் பார்ப்பவர்களைப் போல அலாரம் வைத்து நள்ளிரவில் எழ வேண்டியதில்லை. புண்டஸ்லீகாவுக்கு நம் ஊரில் ரசிகர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்பது எனக்கு இன்னும் பிடிபடாத விஷயம்.

அந்த மாலைகளில் நான் பார்த்துக்கொண்டே இருந்த ஒருவர் கிரானிட் ஜாக்கா. ஆர்சனலில் ஒரு காலத்தில் சொந்த ரசிகர்களாலேயே கூச்சலிட்டு வெளியே அனுப்பப்பட்டவர். இங்கே நடுக்களத்தில் நின்று பந்தை வாங்குவார், உடம்பை அரைவட்டம் திருப்புவார், ஐந்து கஜம் தள்ளி நிற்பவருக்குக் கொடுப்பார், உடனே கையை நீட்டித் திரும்பக் கேட்பார். மறுபடியும் வாங்குவார், மறுபடியும் கொடுப்பார். முன்னால் பாயத் தோதான வழி தெரிந்தாலும், எதிரணி இரண்டு பக்கமும் நன்றாக இழுபடும்வரை அவசரப்பட மாட்டார். பிறகு ஒரே ஒரு நீளமான பந்து இடது ஓரத்துக்குப் போகும். அங்கே கிரிமால்டோ இருப்பார். பென்ஃபிகாவிலிருந்து ஒரு யூரோகூடப் பரிமாற்றத் தொகை இல்லாமல் வந்தவர். பெயருக்குத் தற்காப்பு வீரர், அந்த லீகில் அடித்ததோ 10 கோல்கள். வலது ஓரத்தில் ஃப்ரிம்பாங்கும் அதே ரகம். இருவருக்கும் நடுவே விர்ட்ஸ் என்ற இளைஞர், மூன்று பேருக்கு இடையில் நின்றுகொண்டு ஏதோ பூங்காவில் நடக்கிறவரைப் போலப் பந்தை வாங்கித் திரும்புவார். ஆட்டம் 2-0, 3-0, 4-0 என்று முடியும். வீடியோவுக்குத் தீனி ஒன்றும் இருக்காது.

சாபி அலோன்சோ 2022 அக்டோபரில் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றபோது இந்த அணி பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடத்தில் கிடந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்க வேண்டும்.

ஜனவரியில்தான் எனக்கு நம்பிக்கை உறுதியானது. முன்கள வீரர் போனிஃபேஸ் காயம்பட்டு ஏப்ரல்வரை வெளியே. டப்சோபா, கொசூனு, அட்லி மூவரும் ஆப்பிரிக்கக் கோப்பைக்குப் போய்விட்டார்கள். 'இனி சரிந்துவிடும்' என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஆக்ஸ்பர்கும் லைப்சிக்கும் அந்த இடைவெளியில்தான் வந்தன. பிப்ரவரி 10 அன்று பேயர்ன் லெவர்குசனுக்கு வந்து 0-3 என்று திரும்பிப் போனது. முதல் கோலை அடித்த ஸ்டானிசிச், பேயர்ன் தானே கடனாக அனுப்பிவைத்த வீரர்!

இனி அதிர்ஷ்டம் என்ற குற்றச்சாட்டுக்கு நேராகவே வருகிறேன். பந்தின் பின்னாலேயே எண்பது நிமிடம் ஓடிய அணியின் கால்கள் கடைசியில் கனக்கத்தான் செய்யும். அந்த நேரத்தில் பெஞ்சிலிருந்து ஷிக் போன்ற ஒருவர் புதிதாக இறங்குகிறார். இது எண்பது நிமிடம் போட்ட முதலுக்கு வருகிற வட்டி. ஹாஃபன்ஹைம் ஆட்டத்தில் 88-வது நிமிடம்வரை 0-1 என்று பின்தங்கியிருந்தார்கள். ஆனாலும் யாரும் கண்ணை மூடிக்கொண்டு பந்தை உயரத் தூக்கி அடிக்கவில்லை. முதல் நிமிடத்தில் ஆடிய ஆட்டத்தையே அப்போதும் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. டார்ட்மண்டில் 97-வது நிமிடத்திலும் ஸ்டட்கார்ட்டுக்கு எதிராக 96-வது நிமிடத்திலும் சமன் செய்தபோது பட்டம் ஏற்கெனவே கையில் இருந்தது. ஐரோப்பியக் கிளப் போட்டியான யூரோப்பா லீகின் அரையிறுதியில் ரோமாவுக்கு எதிராக ஸ்டானிசிச் 97-வது நிமிடத்தில் அடித்த கோலும் அப்படித்தான். முதல் ஆட்டத்தில் ரோமிலேயே 2-0 என்று வென்றிருந்ததால் இறுதிப் போட்டிக்கு அது தேவையே இல்லை. தேவையில்லாத கோலுக்காக 97-வது நிமிடத்தில் ஓடுகிறவர்களை எப்படி அதிர்ஷ்டக்காரர்கள் என்பது? அந்தக் கோலால்தான் தோல்வியின்றி 49 ஆட்டங்கள் ஆகி, பென்ஃபிகா 1960-களில் வைத்திருந்த 48 ஆட்டச் சாதனை உடைந்தது.

யூரோப்பா லீகில் அஜர்பைஜானின் கராபாக் அணியுடன் ஆடிய ஆட்டத்தை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். சொந்த மைதானத்தில் 0-2. எதிரணியில் ஒருவர் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறிய பிறகும் தடுமாற்றம். பிறகு இஞ்சுரி டைமில் மட்டும் ஷிக் இரண்டு கோல். அன்று அதிர்ஷ்டம் இருந்தது, தாராளமாகவே இருந்தது.

இந்தக் கிளப்புக்கு அதிர்ஷ்டம் கொஞ்சம் பாக்கி வைத்திருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2000-இல் கடைசி நாளில் உன்டர்ஹாகிங் என்ற சின்ன அணியிடம் டிரா செய்தால் போதும். பாலாக் சொந்த வலையிலேயே பந்தைத் தள்ள, 0-2 தோல்வி, பட்டம் பேயர்னுக்கு. 2002-இல் லீக், ஜெர்மன் கோப்பை, சாம்பியன்ஸ் லீக் மூன்றிலும் இரண்டாமிடம். கிளாஸ்கோவில் ஜிடேன் இடது காலால் அடித்த அந்தக் கோலை உலகமே கொண்டாடுகிறது. அந்தப் பந்து விழுந்தது எங்கள் வலைக்குள் என்பதை யாரும் நினைப்பதில்லை.

அதனால்தான் 2024 ஏப்ரல் 14 மறக்க முடியாத நாள். நமக்கு ஞாயிறு இரவு ஒன்பது மணி. எதிரே பிரேமன். போனிஃபேஸின் பெனால்டி, ஜாக்காவின் தொலைதூர அடி, பிறகு இடைவேளைக்குப் பின் மாற்று வீரராக இறங்கிய விர்ட்ஸின் மூன்று கோல்கள். ஆட்டம் முடியும் முன்பே ரசிகர்கள் மைதானத்தின் விளிம்புக்கு வந்துவிட்டார்கள். 'கொஞ்சம் பொறுங்கள்' என்று கையைக் காட்டி வீரர்களே அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தது. 5-0 ஆனதும் யார் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. புல் தெரியாத அளவுக்குக் கூட்டம். இன்னும் ஐந்து ஆட்டங்கள் பாக்கி இருக்கும்போதே பேயர்னின் தொடர்ச்சியான 11 பட்டங்களுக்கு முற்றுப்புள்ளி.

ஒரு மாத்திரை நிறுவனத்தின் அணிக்கு இவ்வளவு உருகுவதா என்று ஜெர்மானிய ரசிகர்களே கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஜெர்மனியில் கிளப்பின் பெரும்பான்மை வாக்கு உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்பது விதி. லெவர்குசனும் வோல்ஃப்ஸ்பர்கும் அதற்கு நெடுங்கால விலக்கு. அதே சீசனில் லீகின் ஊடக வருமானத்தில் ஒரு பங்கை வெளி முதலீட்டாளருக்கு விற்கும் திட்டத்தை எதிர்த்து ரசிகர்கள் வாரந்தோறும் டென்னிஸ் பந்துகளையும் சாக்லேட் நாணயங்களையும் மைதானத்தில் வீசி ஆட்டங்களை நிறுத்தினார்கள். பிப்ரவரி 21 அன்று லீக் பணிந்து திட்டத்தைக் கைவிட்டது. வெளிநாட்டுச் சந்தையை வளர்ப்பதும் அந்தப் பணத்தின் நோக்கங்களில் ஒன்று. அதாவது என்னைப் போல டி.வி. முன்னால் உட்கார்ந்திருப்பவர்களைப் பிடிப்பது. என் கட்சி டென்னிஸ் பந்து வீசியவர்கள் பக்கம்தான்.

மே 22, டப்ளின், யூரோப்பா லீக் இறுதிப் போட்டி. இத்தாலியின் அட்லாண்டா அணியின் லுக்மன் மூன்று கோல் அடித்து 52-வது ஆட்டத்தில் எங்களைத் தோற்கடித்தார். மத்திய முன்கள வீரர் இல்லாமல் தொடங்கிய அலோன்சோவின் முடிவு தவறு என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். அட்லாண்டாவின் அப்போதைய பயிற்சியாளர் கஸ்பெரினியின் அணி ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு ஆடும்; அவர்களின் தற்காப்பைப் பிடித்து நிறுத்த முன்னால் ஓர் ஆள் வேண்டாமா? மூன்று நாள் கழித்து பெர்லினில் பத்துப் பேருடன் கைசர்ஸ்லாட்டர்னை 1-0 என்று வென்று ஜெர்மன் கோப்பையை எடுத்தார்கள். சுமாரான ஆட்டம். கோப்பை கோப்பைதான்.

கடைசியாக, "அந்த வருடம் பேயர்ன் பலவீனம்" என்கிறவர்களுக்கு. ஹாரி கேன் 36 கோல் அடித்த அந்தப் பலவீனமான பேயர்ன் எடுத்தது 72 புள்ளிகள். முந்தைய வருடம் சாம்பியனானபோது எடுத்தது 71. அந்த 71-உம் டார்ட்மண்டுக்குச் சமம். கோல் வித்தியாசத்தில்தான் பட்டம். 2023 மே 27 அன்று டார்ட்மண்ட் சொந்த மைதானத்தில் மைன்ஸிடம் 1-2 என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது (கடைசியில் 2-2), கொலோனில் முசியாலா 89-வது நிமிடத்தில் ஒரு கோல் அடித்தார். அதை அழித்துக் கணக்குப் போட்டால் சாம்பியன் டார்ட்மண்ட். கடைசி நிமிடக் கோலால் வந்த பட்டம் வேண்டுமென்றால் அங்கே போய்த் தேடுங்கள்.