இட்லி மாவுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா முட்டைப் பணியாரம்

"மாவுச்சத்தைக் குறைங்க, புரதத்தைக் கூட்டுங்க." சர்க்கரை வந்தவர், வரும் நிலையில் இருப்பவர், எடை குறைக்க நினைப்பவர் என்று யார் போனாலும் டாக்டர் சொல்வது இதைத்தான். சரியான ஆலோசனை. ஆனால் அதை யார், எப்போது சமைப்பது என்பதை யாரும் பேசுவதில்லை. பிள்ளைகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, எட்டேகால் பஸ்ஸைப் பிடிக்க ஓடும் வீட்டில், அந்த நேரத்துக்குக் கைக்கு எது தயாராகக் கிடைக்கிறதோ அதுதான் சாப்பாடு. நம் வீடுகளில் தயாராக இருப்பது மாவு. ஃபிரிட்ஜைத் திறந்தால் தூக்கு நிறைய இட்லி மாவு. இட்லி, தோசை, ஊத்தப்பம், மறுபடி தோசை என்று வாரம் ஓடுவதற்கு அதன் ருசி பாதிக் காரணம் என்றால், முந்தின நாளே முக்கால்வாசி வேலை முடிந்துவிட்டது என்பது மீதிப் பாதி.

அதனால் நான் உறுதியாக நம்புவது இது: புரதமும் மாவைப் போலவே முன்கூட்டித் தயாராகி ஃபிரிட்ஜில் இருந்தால்தான் காலைச் சாப்பாடு மாறும். மன உறுதி, கட்டுப்பாடு என்றெல்லாம் பேசிப் பயனில்லை. காலை ஏழரை மணிக்கு யாருக்கும் இல்லாமல் போவது மன உறுதி அல்ல, நேரம்தான்.

எண்களைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் இண்டியாப் (INDIAB) என்ற நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வு 2023இல் சொன்ன கணக்கு: நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர், அதற்கு முந்தைய நிலையில் இருப்பவர்கள் 13.6 கோடிப் பேர். அதே ஆய்வில் இருந்து 2025இல் வந்த கட்டுரை, நாம் சாப்பிடும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்றது. நம் காலைத் தட்டை நினைத்துப் பாருங்கள். நான்குக்கு ஒன்று என்று அரிசியும் உளுந்தும் போட்டு அரைத்த மாவில் வார்த்த நடுத்தர இட்லி நான்கு சாப்பிட்டால், மாவுச்சத்து சுமாராக 40 கிராமைத் தாண்டிவிடும். புரதம் எட்டு கிராம் இருந்தால் அதிகம். உளுந்து இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது, ஆனால் அரிசி அதைவிட நான்கு மடங்கு இருக்கிறது.

பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரை. 60 கிலோ எடைக்கு 50 கிராம். இதை மதியச் சாம்பாரும் இரவுச் சப்பாத்தியும் மட்டும் சுமக்க முடியாது. காலையிலேயே 15 கிராமாவது உள்ளே போய்விட்டால் மீதி நாள் இலகுவாகிவிடும். பதினொரு மணிக்கு வரும் அந்தப் பசி, டீயோடு ரெண்டு பிஸ்கட் என்று கை போகும் பசி, அதுவும் அடங்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும். சிறுதானியத்துக்கு மாறிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். கேழ்வரகும் கம்பும் நல்ல தானியங்கள். நார்ச்சத்து உண்டு, கேழ்வரகில் கால்சியம் நிறைய உண்டு. ஆனால் 100 கிராம் கேழ்வரகில் 65 கிராமுக்கு மேல் மாவுச்சத்துதான். மேலே சொன்ன 2025 கட்டுரையே, மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் வெறுமனே அரிசிக்குப் பதில் கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவதால் சர்க்கரை நோய் அபாயம் குறைவதாகத் தெரியவில்லை என்கிறது. நான்கு அரிசி தோசை இருந்த இடத்தில் நான்கு கம்பு தோசை வைத்துவிட்டு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c) இறங்கவில்லையே என்று வருத்தப்படுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கிறது. அவர்கள் முயற்சியில் குறையே இல்லை. சொன்னவர்கள் பாதியைத்தான் சொன்னார்கள்.

சரி, முட்டைப் பணியாரத்துக்கு வருவோம்.

ஸ்டார்பக்ஸ் 2017இல் அமெரிக்காவில் முட்டை பைட்ஸ் என்று ஒரு வாய் அளவில் வேகவைத்த சின்னச் சின்ன முட்டைத் துண்டுகளை விற்க ஆரம்பித்தது. அதைப் பார்த்து வீட்டில் செய்ய சிலிகோன் அச்சுகள், தனி மின் கருவிகள் எல்லாம் வந்துவிட்டன. ஆன்லைனில் இங்கேயும் வாங்குகிறார்கள். தயவுசெய்து வாங்காதீர்கள். ஏழு குழி, பன்னிரண்டு குழி என்று பரணில் கிடக்கும் குழிப்பணியாரக் கல்லைக் கீழே இறக்குங்கள். ஒரு வாய்க்கு ஒன்று என்ற அளவு, வட்டமாகச் சிவந்த அடி, மூடி போட்டு வேகவைக்கும் வசதி எல்லாம் அதில் இருக்கிறது.

நான் செய்யும் விதம்: ஆறு முட்டை, 100 கிராம் பனீர், ஒரு கைப்பிடி சின்ன வெங்காயம், ஒரு குடைமிளகாய், ஒரு பெரிய கைப்பிடி முருங்கைக்கீரை, இஞ்சி, பச்சை மிளகாய், மிளகுத் தூள், கறிவேப்பிலை, உப்பு. மைதா, கடலை மாவு, ரவை எதுவும் கிடையாது. ஏழு குழிக் கல்லில் மூன்று ஈடு, ஏறக்குறைய இருபது வரும். முட்டை ஒன்றில் சுமார் 6 கிராம் புரதம், 100 கிராம் பனீரில் 18 கிராம். மொத்தம் 54 கிராமை இருபதால் வகுத்தால் ஒன்றுக்கு இரண்டரை கிராமுக்கு மேல். ஆறு சாப்பிட்டால் 16 கிராம் புரதம், மாவுச்சத்து மூன்று நான்கு கிராம்தான்.

காயைப் பச்சையாக முட்டையில் கலக்கக் கூடாது. முன்கூட்டிச் செய்து வைப்பதில் முக்கால்வாசி ரகசியம் இதில்தான் இருக்கிறது. உடனே சாப்பிடுவதற்குப் பச்சை வெங்காயம், தக்காளி போட்ட ஆம்லெட் அருமையாக இருக்கும். ஆனால் ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் இருந்தால் காயிலிருந்து தண்ணீர் இறங்கி டப்பாவின் அடியில் மஞ்சளாகத் தேங்கும், பணியாரம் நொசநொசவென்று ஆகிவிடும். அதனால் வெங்காயம், குடைமிளகாய், கீரை எல்லாவற்றையும் அகலமான வாணலியில் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயில், ஈரம் முழுக்கப் போகும்வரை வதக்கி ஆறவிட வேண்டும். தக்காளி வேண்டுமென்றால் விதையும் சாறும் எடுத்துவிட்டுச் சதையை மட்டும். பாலக்கீரை என்றால் வதக்கிய பிறகும் ஒருமுறை பிழிய வேண்டும். முருங்கைக்கீரையில் இந்தத் தொல்லை குறைவு, எனக்கு அது பிடித்துப்போனதற்கு அதுவும் காரணம்.

முட்டையை நுரை பொங்க அடிக்க வேண்டாம். மஞ்சளும் வெள்ளையும் கலந்தால் போதும். நுரை அதிகமானால் கல்லில் உப்பி எழும், இறக்கியதும் சப்பென்று அமுங்கிவிடும். பனீரை விரலால் உதிர்த்துப் போட வேண்டும். அதில் இருக்கும் கொழுப்புதான் மறுநாளும் முட்டையை மெத்தென்று வைத்திருக்கிறது. இரண்டு ஸ்பூன் கெட்டித் தயிர் சேர்த்தால் இன்னும் நல்லது.

அடுத்தது சூடு. முட்டையின் புரதம் அதிகச் சூட்டில் இறுகி, தன்னிடம் இருக்கும் நீரை வெளியே தள்ளிவிடும். ரப்பர் மாதிரி ஆவது அதனால்தான். கல்லைக் காயவைத்து, குழிக்கு நாலு சொட்டு எண்ணெய் விட்டு, முக்கால் குழி ஊற்றியதும் அடுப்பைச் சிம்மில் வைத்து மூடிவிடுங்கள். சடசடவென்று சத்தம் வந்தால் சூடு அதிகம். மெல்ல ஒரு முணுமுணுப்பு மட்டும் கேட்க வேண்டும். மூன்று நான்கு நிமிஷத்தில் ஓரம் குழியை விட்டு லேசாக விலகி, மேலே ஆடை மாதிரி படியும். அப்போது குச்சியால் திருப்பி, இன்னும் இரண்டு நிமிஷம். ஒன்றைக் குத்திப் பார்த்தால் உள்ளே ஈரக் கலவை ஒட்டக் கூடாது. எடுத்து வைக்கப்போகும் முட்டை முழுதாக வெந்திருக்க வேண்டும், இதில் சமரசமே கூடாது.

கல்லுக்கு முன்னால் நிற்க நேரமில்லை என்றால் இட்லித் தட்டு. எண்ணெய் தடவி, அரைக்குழிக்குக் கொஞ்சம் அதிகமாக ஊற்றி, எட்டு பத்து நிமிஷம் ஆவி. சிவந்த ஓரம் கிடைக்காது, ஆனால் ஒரே ஈட்டில் மொத்தமும் முடிந்துவிடும். ஃப்ரீசரில் வைக்க இதுதான் பொருத்தம்.

வைக்கும் முறையில் அலட்சியம் வேண்டாம். நம் ஊர் வெயிலுக்குச் சமைத்த முட்டை வெளியே ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அகலத் தட்டில் பரப்பி ஃபேன் காற்றில் ஆறவிட்டு உடனே டப்பாவில் போட்டுவிடுங்கள். சூட்டோடு மூடினால் மூடியில் வேர்த்து, அந்தத் தண்ணீர் திரும்ப அதன்மேலேயே சொட்டும். டப்பாவின் அடியில் ஒரு சுத்தமான பருத்தித் துணி விரித்தால் மிச்ச ஈரத்தை அது இழுத்துக்கொள்ளும். ஃபிரிட்ஜில் மூன்று, மிஞ்சினால் நான்கு நாள். ஞாயிற்றுக்கிழமை இரவு செய்தால் புதன்வரை, அப்புறம் புதன் இரவு ஒரு ஈடு. நடுவில் கரண்ட் மணிக்கணக்கில் போயிருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். ஃப்ரீசரில் என்றால் தட்டில் ஒட்டாமல் தனித்தனியாக அடுக்கி உறையவைத்து, பிறகு பையில் போடலாம். இரண்டு மாதம் தாங்கும். எடுத்துச் சாப்பிடும்போது உள்ளே வரை நன்றாகச் சூடேற வேண்டும். தோசைக்கல்லில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் மூன்று நிமிஷம்.

முட்டை சாப்பிடாதவர்கள் என்ன செய்வது என்று கேட்பீர்கள். 100 கிராம் பாசிப்பருப்பை ஊறவைத்து, தண்ணீர் குறைவாகக் கெட்டியாக அரைத்து, 200 கிராம் பனீரை உதிர்த்துச் சேர்த்து, அதே வதக்கிய காய். ஆறு பணியாரத்தில் 14 கிராம் புரதம் வரை கிடைக்கும். மாவுச்சத்தும் 15 கிராம் போல இருக்கும். பருப்பு என்றாலே புரதம் மட்டும்தான் என்ற நினைப்பு நிறையப் பேரிடம் இருக்கிறது, பருப்பில் பாதிக்கு மேல் மாவுச்சத்து. ஆனாலும் நான்கு இட்லியோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல். மீல்மேக்கரைச் சுடுதண்ணீரில் போட்டுப் பிழிந்து, மிக்ஸியில் ஒரு சுற்று சுற்றிச் சேர்த்தால் புரதம் இன்னும் ஏறும், விலையும் குறைவு.

எங்கள் வீட்டில் அத்தைக்குத்தான் இதில் முதலில் மனம் ஒப்பவில்லை. "காலைல இட்லி இல்லாம எப்படிம்மா? வயிறு நிறைஞ்ச மாதிரியே இருக்காதே" என்றார். மஞ்சள் கரு கொழுப்பு என்ற பயமும் அவருக்கு இருந்தது. வெள்ளையை மட்டும் போடச் சொன்னார். முட்டையின் புரதத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் மஞ்சள் கருவில் இருக்கிறது. அமெரிக்க உணவு வழிகாட்டுதலிலேயே ஒரு நாளைக்கு 300 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் என்ற உச்சவரம்பை 2015இல் எடுத்துவிட்டார்கள். இதயக் கோளாறு இருப்பவர்கள், கொழுப்பு அளவு எகிறியிருப்பவர்கள் தங்கள் டாக்டரைக் கேட்டு அளவு வைத்துக்கொள்ளட்டும், மற்றவர்கள் மஞ்சள் கருவைக் கொட்ட வேண்டியதில்லை. இதை அவருடைய டாக்டரே சொன்ன பிறகுதான் அத்தை ஏற்றுக்கொண்டார்.

இட்லியை அவரிடமிருந்து பிடுங்கவில்லை. முதலில் நாலு பணியாரம், கொஞ்சம் காய், அதன்பிறகு ஒரு இட்லி. இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. புரதமும் காயும் முதலில் உள்ளே போனால், பின்னால் வரும் மாவுச்சத்து ரத்தத்தில் ஏறும் வேகம் குறைகிறது. இப்போது அவரே, "அந்தக் கீரை போட்டது இன்னும் இருக்கா?" என்று கேட்டு எடுத்து வைத்துக்கொள்கிறார். சட்னி மட்டும் விடமாட்டார், விடவும் வேண்டாம். தேங்காய்ச் சட்னியும் புதினாச் சட்னியும் இதற்கு நன்றாகவே ஒத்துப்போகும்.

ஒரு எச்சரிக்கை, இதைத் தாண்டிப் போகாதீர்கள். இன்சுலின் போடுகிறவர்கள், சர்க்கரையை இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் திடீரென்று மாவுச்சத்தைக் குறைத்தால் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். மருந்தின் அளவை மாற்ற வேண்டியிருக்கும். டாக்டரிடம் சொல்லிவிட்டுத் தொடங்குங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களுக்குப் புரத அளவே வேறு, அவர்கள் இந்தப் பதிவைப் பார்த்து எதையும் மாற்ற வேண்டாம்.

செலவைப் பற்றிச் சொல்கிறேன். நாமக்கல் இருக்கும் மாநிலத்தில் முட்டைக்குப் பஞ்சமில்லை. பள்ளிச் சத்துணவில் பிள்ளைகளுக்கே முட்டை கொடுக்கும் ஊர் இது. அப்படிப்பட்ட ஊரில், கீட்டோ என்று எழுதி விற்கும் பாக்கெட்டுகளுக்கும் புரோட்டீன் பார்களுக்கும் சம்பளத்தைக் கொட்டுவது எனக்குச் சம்மதமில்லை. ஒரு பார் வாங்கும் காசில் ஒரு வீட்டின் காலைச் சாப்பாட்டுக்குப் புரதம் வந்துவிடும். பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் படித்தால் பேரீச்சம்பழமும் குளுக்கோஸ் சிரப்பும் முன்வரிசையில் இருக்கும் பார்களும் உண்டு.

கடைசியாக, எனக்கு முக்கியமாகப் படுவது. குறை மாவுச்சத்துச் சாப்பாடு என்று சர்க்கரை உள்ளவருக்குத் தனிச் சமையல், மற்றவர்களுக்கு வழக்கமான சமையல் என்று ஆக்கிவிட்டால், அது சமைக்கிறவர் தலையில் இன்னொரு சுமை, சாப்பிடுகிறவர் மனதில் ஒரு தனிமை. இரண்டும் வேண்டாம். பணியாரம் எல்லோருக்கும். பிள்ளைகள் டப்பாவில் நாலு, அதோடு ஒரு சப்பாத்தியோ தோசையோ, வளரும் பிள்ளைகளுக்கு மாவுச்சத்தைக் குறைக்க வேண்டிய அவசியம் இல்லை. ஆபீஸ் போகிறவர்களுக்கு ஆறு. ஞாயிறு மாலை ஒருவர் காய் நறுக்கட்டும், ஒருவர் கல்லைப் பார்த்துக்கொள்ளட்டும், முக்கால் மணி நேர வேலை. சுலபமான வேலை இது, வீட்டு ஆண்களும் பெரிய பிள்ளைகளும் முதல் நாளே கற்றுக்கொள்வார்கள். திங்கள் காலை யார் முதலில் எழுகிறார்களோ அவர்கள் தோசைக்கல்லை அடுப்பில் வைத்து மொத்தப் பேருக்கும் சூடு பண்ணிவிடலாம், அம்மா எழுந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

செய்து பார்க்கிறவர்கள் உங்கள் வீட்டில் என்ன கீரை, என்ன காய் போட்டீர்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். மிச்சம் விழுந்த கோழியை உதிர்த்துப் போட்டுச் செய்கிறவர்கள் அளவையும் சேர்த்துச் சொல்லுங்கள், நிறையப் பேர் கேட்கிறார்கள்.