குருவானவரின் மாற்றம் யாருக்கும் செய்த அவமானம் இல்லை

எங்கள் மெதடிஸ்த கோயில் குருவானவரைப் பேரவை வேறிடத்துக்கு மாற்றியதை எதிர்த்து, ஞாயிறு ஆராதனை முடிந்தபின் கோயில் வாசலில் நடந்ததை எல்லாரும் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். "எங்கட ஐயாவை மாத்த விடமாட்டம்" என்று கத்தியவர்களில் பாதிப் பேர் எனக்குச் சொந்தக்காரர். பேசாமல் இருக்க முடியவில்லை.

மெதடிஸ்த சபையில் எந்தக் குருவானவரும் ஒரு கோயிலுக்கு மட்டும் உரியவர் இல்லை. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி காலத்திலிருந்தே பிரசங்கிமார் இடம் மாறிக்கொண்டுதான் இருந்தார்கள். ஒரே இடத்தில் ஒரு வருடம் முழுக்கப் பிரசங்கித்தால் தானும் தூங்கி, சபையையும் தூங்க வைத்துவிடுவேன் என்று அவரே எழுதியிருக்கிறார். தனக்குப் பிறகு அதிகாரம் ஒரு தனி ஆளிடம் போகக்கூடாது என்றுதான் 1784இல் நூறு பிரசங்கிமாரின் பெயரை எழுதி, சபையை நடத்தும் பேரவையைச் சட்டப்படி நிறுவினார். ஒருவரையே பிடித்து வைத்திருந்தால் அது அவருடைய கோயிலாகிவிடும். சபையாக இருக்காது.

"அப்ப சனத்துக்கு என்ன மரியாதை?" நியாயமான கேள்விதான். இங்கிலாந்தில் 1878 வரை வெஸ்லியப் பேரவைக்குள் குருமார் மட்டும்தான் இருந்தார்கள். இன்று அப்படியா? எங்கள் இலங்கைச் சபை 1964இலேயே தனிப் பேரவையாகிவிட்டது. அயல் கோயில்கள் சேர்ந்த சேகரக் கூட்டம், அதற்கு மேலே சினோட், எல்லாவற்றுக்கும் மேலே பேரவை என்று எல்லாப் படியிலும் எங்களைப் போன்றவர்கள் இருந்து கை உயர்த்துகிறார்கள். வாசலில் நின்றவர்களே, போன சேகரக் கூட்டத்துக்கு ஏன் வரவில்லை? கணக்கறிக்கை வாசிக்கும்போது முன்வரிசையே காலி.

"பேரவை பிழையே விடாதா?" விடும். அதைக் கூட்டத்தில் சொல்லுங்கள்.

அப்பா கோயிலில் வகுப்புத் தலைவராக, அதாவது சபையாரின் ஒரு சிறு குழுவைக் கவனிப்பவராக இருந்தவர். 1742இல் பிரிஸ்டல் கோயில் கடனை அடைக்க, பன்னிரண்டு பேருக்கு ஒருவர் வீடு வீடாகப் போய் வாரம் ஒரு பென்னி சேர்த்தபோது தொடங்கிய பொறுப்பு அது. அப்பாவிடம் ஒரு சீ.ஆர். கொப்பி இருந்தது. யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் சண்டை, யார் மூன்று கிழமையாகக் கோயிலுக்கு வரவில்லை என்று எல்லாம் அதில் இருக்கும். சைக்கிளில் போய் விசாரித்துவிட்டு வந்துதான் சாப்பிடுவார். அவருக்கு மிகவும் பிடித்த ஐயா மாறிப் போனபோது அழுதார். அடுத்த கிழமை புதியவருக்குக் கோயில் சாவியைக் கொடுத்ததும் அவர்தான்.

இப்போது எங்கள் குடும்ப வட்சப் குழுவில் ஒருவர் எழுதுகிறார், "பழைய ஆக்கள் மேலிடத்துக்குத் தலையாட்டினவை" என்று. அப்பா சினோட்டில் எழும்பி ஒரு தீர்மானத்தை எதிர்த்துப் பேசினவர். தோற்றார். கூட்டம் முடிய எல்லாரோடும் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். அதைத் தலையாட்டல் என்று எழுதியவர் தயவுசெய்து அந்த வரியை அழித்துவிடுங்கள்.