பச்சைத் துணிக்குப் பின்னால் இருக்கும் ரைடு

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு தீம் பார்க்குக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். பெயர் வேண்டாம். நுழைந்ததும் வலது பக்கம் பச்சைத் துணி கட்டி மறைத்திருந்தார்கள். மேலே பேனர்: 'விரைவில்! புத்தம் புதிய ரோலர் கோஸ்டர்!' பக்கத்திலேயே உயரம் பார்க்கும் போர்டு. என் மகள் ஓடிப்போய் நின்றாள். நாலு விரல்கடை குறைவு. முகம் சுருங்கிவிட்டது. "அடுத்த லீவுக்கு வா பாப்பா, ரைடும் ஓடும், நீயும் வளர்ந்திருப்ப" என்றார் செக்யூரிட்டி அண்ணன்.

அவர் சொன்னதில் பாதி நடந்தது. பாப்பா வளர்ந்துவிட்டாள்.

போன மாசம் மறுபடி போனோம். அதே துணி, வெயிலில் வெளுத்துப் போயிருக்கிறது. பேனரில் 'வி' கிழிந்துபோய் 'ரைவில்' மட்டும் மிச்சம். துணியில் ஒரு ஓட்டை. எட்டிப் பார்த்தால் நாலு கான்கிரீட் திண்டு, அதிலிருந்து நீட்டிக்கொண்டு துருப்பிடித்த கம்பி, நடுவில் தோள் உயரத்துக்கு எருக்கஞ்செடி. டிக்கெட் விலை மட்டும் சொன்ன நேரத்துக்கு ஏறியிருந்தது.

உடனே "பாதுகாப்பு முக்கியம் பாஸ், அவசர அவசரமாக் கட்டச் சொல்றீங்களா?" என்று யாராவது கமென்ட்டில் வருவீர்கள். இல்லை. மனுஷ எடைக்குத் தண்ணீர் நிரப்பிய பொம்மைகளை உட்காரவைத்து, ரயிலைத் திரும்பத் திரும்ப ஓட்டிச் சோதிப்பார்கள். அதற்கு எவ்வளவு நாள் ஆனாலும் எந்த ரசிகனும் வாய் திறக்கமாட்டான். அவசரப்பட்டால் என்ன ஆகும் என்றும் தெரியும். கலிபோர்னியா டிஸ்னிலேண்டை 1954 ஜூலையில் தொடங்கி 1955 ஜூலை 17-ல் திறந்துவிட்டார்கள். ஒரே வருஷம். திறந்த அன்று வெயிலில் புதுத் தார் இளகி, பெண்களின் ஹீல்ஸ் அதில் புதைந்தது. குடிக்கத் தண்ணீர் வராத குழாய்கள் வேறு.

என் கோபம் கட்ட ஆகும் நாளைப் பற்றியது இல்லை, கட்டாத நாளைப் பற்றியது.

ஃப்ளோரிடா டிஸ்னியின் ட்ரான் ரைடை எடுத்துக்கொள்ளுங்கள். பைக்கில் குனிந்து உட்கார்ந்து போகும் கோஸ்டர். 2017 ஜூலையில் அறிவித்தார்கள், 2023 ஏப்ரல் 4-ல் திறந்தார்கள். கிட்டத்தட்ட ஆறு வருஷம். அது புது டிசைனாவது இருந்தால் மனசு ஆறும். அதே ரைடு ஷாங்காயில் 2016-லேயே ஓட ஆரம்பித்துவிட்டது! அந்த ஷாங்காய் பார்க் முழுவதையுமே 2011-ல் மண் வெட்டி 2016-ல் திறந்தவர்கள், ஏற்கெனவே வரைந்து வைத்த ஒரே ஒரு ரைடுக்கு அதைவிட அதிக நாள் எடுத்துக்கொண்டார்கள். நடுவில் கொரோனா வந்தது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பார்க் மூடியிருந்தது நாலு மாசம். இதில் இன்னொரு கொடுமை: இந்த வேலைக்காகப் பார்க்கைச் சுற்றி ஓடும் நீராவி ரயிலை 2018 டிசம்பரில் நிறுத்தினார்கள். அது மறுபடி ஓடியது 2022 டிசம்பரில். புதுசும் இல்லை, இருந்ததும் இல்லை. நாலு வருஷம்!

நம்ம ஊர்க் கதை வேறு மாதிரி. வொண்டர்லா என்ற தீம் பார்க் கம்பெனி 2016-ல் ஹைதராபாத்தில் திறந்தபோதே அடுத்தது சென்னை என்று பேச்சு. நாங்கள் நம்பினோம். லீவு விட்டால் ராத்திரி பஸ் ஏறி பெங்களூரு, அங்கிருந்து வொண்டர்லா இருக்கும் பிடதி, சாயங்காலம் ஈரத்துணி மூட்டையோடு திரும்பி வருவது என்று வருஷங்கள் ஓடின. இங்கே இடம் இருந்தது, திட்டம் இருந்தது. தடுத்தது வரி. ஜிஎஸ்டிக்கு மேல் உள்ளாட்சி கேளிக்கை வரி 10 சதவீதம். அது தீரும்வரை கடப்பாரை மண்ணில் இறங்கவில்லை. அதற்குள் 2024-ல் புவனேஸ்வரே முந்திக்கொண்டது. ஒடிசா நண்பன் போட்டோ போட்டான், நான் லைக் போடவில்லை. (போட்டிருக்கலாம். சின்னத்தனம்தான்.) வரிவிலக்கு கிடைத்து வேலை தொடங்கியபின் தூண் ஏறிய வேகத்தைப் பார்க்க வேண்டுமே! 2025 டிசம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் இள்ளலூரில் திறந்தேவிட்டார்கள். அத்தனை வருஷம் தின்றது காகிதம். இரும்புக்குப் பெரிதாக நேரம் ஆகவில்லை.

பார்க் நடத்துகிறவர்களிடம் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. அனுமதி, பணம், வரி எல்லாம் முடிந்த பிறகு பேனர் கட்டுங்கள். வேலை நின்றுபோனால், நின்றுபோச்சு என்று ஒரு வரி போடுங்கள். எங்களுக்கு வேண்டியது அந்த ஒரு வரிதான். அதைச் சொல்லாமல் 'விரைவில்' என்பதைக் காட்டியே அடுத்த மூணு லீவுக்கும் டிக்கெட் விற்பதுதான் எரிச்சல்.

இள்ளலூருக்கு நாங்களும் போனோம். தஞ்சோரா என்று ஒரு கோஸ்டர். வண்டி தண்டவாளத்துக்குக் கீழே தொங்கும், நம் கால் அந்தரத்தில். சுவிட்சர்லாந்து பி அண்ட் எம் கம்பெனி செய்தது. இந்தியாவில் அவர்களுடைய முதல் கோஸ்டர். மகள் உயரத்தில் தாராளமாகத் தேறிவிட்டாள். இறங்கி வந்ததும் தலைமுடியைக் கோதிக்கொண்டே கேட்டாள்: "அந்த எருக்கஞ்செடி பார்க் ஞாபகம் இருக்காப்பா? அது தொறந்தா நான் காலேஜ் ஃப்ரெண்ட்ஸோட போறேன்."

இப்போது எட்டாவது படிக்கிறாள்.