கட்டி வைத்தாலும் ஆடுகிறது

படகில் எதையும் சும்மா வைக்க முடியாது. அலை கொஞ்சம் எகிறினால் போதும், மேசை மேல் இருந்ததெல்லாம் தரைக்கு வந்துவிடும். சரி, கட்டி வைப்போம் என்றால் அதற்கும் ஆயிரம் தொல்லை. எலாஸ்டிக் கயிறு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நீண்டு கொடுக்கும். நாற்காலி கயிற்றோடு சேர்ந்து ஊஞ்சல் ஆடும். நீளாத நாடாதான் வேண்டும், அதையும் ஸ்க்ரூ போட்டு முடுக்கிய வளையத்தில் மாட்ட வேண்டும். ரப்பர் கப்பால் கண்ணாடியில் ஒட்டி நிற்கும் டேப்லெட் ஸ்டாண்டைப் பற்றிப் பேசவே வேண்டாம். கண்ணாடியில் உப்பு படிந்த இடத்தில் காற்று புகுந்து, படகு சாயும் நேரம் பார்த்துப் பொத்தென்று விழும்.

இழுப்பறைதான் பெரிய இம்சை. வீட்டு அலமாரிக்குப் போடும் காந்த லாக்கைப் படகிலும் பொருத்துகிறார்கள், யார் யோசனையோ! உள்ளே கரண்டியும் கத்தியும் கனமாகக் கிடக்க, ஒரே சாய்வில் காந்தம் கைவிட்டுவிடும். லேசாகத் தூக்கி இழுத்தால் மட்டும் திறக்கும்படி அடியில் ஒரு வெட்டு கொடுத்தால் வேலை முடிந்தது. அதற்குத்தான் யாருக்கும் மனசு வராது. டிவிக்கு வேறு மடக்கி நீட்டும் ஸ்டாண்ட். அதில் லாக் கிடையாது. ராத்திரி முழுக்கச் சுவரில் டொக் டொக். அப்புறம் எங்கே தூங்குவது?