மைலேஜ் கேட்டால் கஞ்சனா?

அந்த நேர்காணல் துண்டை நேற்றிலிருந்து ஆளாளுக்கு எனக்கு அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். "நீ கார் கம்பெனி ஷோரூம்ல இருந்தவன்தானே, என்ன சொல்ற?" என்று கேள்வி வேறு. கோட்டு போட்ட அந்த ஆலோசகர் பேசியதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். இந்திய வாடிக்கையாளனுக்குத் தரம் புரியாதாம், 'எவ்வளவு குடுக்கும்' என்று கேட்க மட்டும்தான் தெரியுமாம், அதனால்தான் ஃபோர்டு மாதிரி நல்ல கம்பெனிகள் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டதாம். நெறியாளரும் தலையாட்டுகிறார்.

சரி, பேசுவோம்.

ஃபோர்டு 1995-ல் மஹிந்திராவோடு கூட்டுச் சேர்ந்து வந்தது. அடுத்த வருடம் எஸ்கார்ட் வந்தது, அது வெளிநாட்டில் ஏற்கெனவே ஓடிய வண்டி. ஹூண்டாய் 1998-ல்தான் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோவை இறக்கியது. பின்னால் வந்தவர்கள், இங்கே யாருக்கும் பெயர்கூடத் தெரியாத கம்பெனி. ஆனால் வரும்போதே சின்னக் காரோடு வந்தார்கள், கொரியாவிலிருந்து உதிரிபாகம் செய்கிறவர்களையும் கையோடு கூட்டிவந்தார்கள், ஷாருக்கானை விட்டு வீடு வீடாகப் பெயரைச் சொல்லவைத்தார்கள். சென்னைக்குப் பக்கத்தில் மறைமலை நகரில் இருந்த ஃபோர்டு ஆலையிலிருந்து அவர்களின் முதல் சின்னக் கார், அதாவது ஃபிகோ, எப்போது வந்தது தெரியுமா? 2010-ல். பதினைந்து வருடம்! சின்னக் கார் வாங்கும் ஊரில் பதினைந்து வருடம் சின்னக் கார் இல்லாமல் கடை நடத்திவிட்டு, வாங்க வந்தவன் கஞ்சனாம்.

அந்தக் கஞ்சன்தான் 2013-ல் ஃபோர்டின் எக்கோஸ்போர்ட் வந்தபோது முன்பணம் கட்டிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தான். தரம் தெரியாதவன் ஏன் காத்திருந்தான்? வண்டி நன்றாக இருந்தது, வாங்கினான். அவ்வளவுதான் விஷயம். அதற்கப்புறம் போட்டிக் கம்பெனிகளிலிருந்து பிரெஸ்ஸா வந்தது, நெக்ஸான் வந்தது, வென்யூ வந்தது. ஃபோர்டு அதே எக்கோஸ்போர்ட்டுக்கு முகத்தை மட்டும் கொஞ்சம் மாற்றிவிட்டு உட்கார்ந்திருந்தது. நடுவில் குஜராத் சனந்தில் 100 கோடி டாலர் போட்டு இன்னொரு ஆலை. இரண்டு ஆலையும் சேர்த்து வருடத்துக்கு நாலு லட்சத்துக்கும் மேல் செய்யலாம், கடைசியில் அதில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ஓடியது. பத்து வருடத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று 2021 செப்டம்பரில் அறிவித்துவிட்டுக் கிளம்பினார்கள். இதில் மைலேஜ் கேட்டவன் எங்கே வருகிறான்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். நான் மதுரையில் ஒரு வெளிநாட்டுக் கார் கம்பெனியின் ஷோரூமில் சர்வீஸ் அட்வைசராக இருந்தேன். எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வந்தார், அவர் காரின் சைடு மிரரில் பைக் உரசிக் கண்ணாடி மட்டும் விரிசல் விட்டிருந்தது. முழு செட்டையும்தான் மாற்ற வேண்டும் என்றோம், ஏனென்றால் கண்ணாடி மட்டும் தனியாக வராது. விலையைச் சொன்னதும் அவர் கோபப்படவில்லை, "தம்பி, என் பழைய வண்டிக்கு இது டவுன் ஹால் ரோட்டுலயே கிடைக்குமேப்பா" என்றார். அந்த செட்டும் வர வாரக்கணக்கில் ஆனது. இந்த மாதிரி ஆட்களைப் பற்றி மாதா மாதம் மேலே அனுப்பும் அறிக்கையில் எழுதினேன். வந்த பதில் 'நோட்டட்'. அப்புறம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்து, ஏசி அறையில் எங்களை உட்காரவைத்து, வாடிக்கையாளர் மனநிலை பற்றி எங்களுக்கே ஸ்லைடு போட்டுக் காட்டினார். வாத்தியாரை அவர் பார்த்ததே இல்லை.

ஃபோர்டு பிற்காலத்தில் சர்வீஸ் செலவை இணையத்திலேயே கணக்குப் பார்க்கிற வசதியெல்லாம் செய்தது, நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் 'பார்ட்ஸ் விலை ஜாஸ்தி' என்று ஊரில் ஒரு பேர் விழுந்துவிட்டால் அதைத் துடைக்க எத்தனை வருடம் ஆகும் என்று எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் சொல்வார்.

இப்போது வருவார்கள். "வரி சார், வரி! அப்போ 28 சதவீத ஜிஎஸ்டி, மேலே செஸ்!" என்று. அந்த வரியை சுசுகி கட்டவில்லையா, ஹூண்டாய் கட்டவில்லையா? செல்போன் கம்பெனி நோக்கியா விவகாரம் வேறு, அங்கே வரித்துறை வழக்கும் ஒரு காரணம், 2014-ல் ஸ்ரீபெரும்புதூர் ஆலை மூடப்பட்டது, அதை ஒத்துக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் அதையே சொல்லாதீர்கள்.

"தொழிலாளி சரியில்லை, யூனியன்" என்று ஒரு குரூப். இவர்களுக்குப் பதில் சொல்லவே பிடிக்கவில்லை. அமெரிக்காவில் விற்ற எக்கோஸ்போர்ட் மறைமலை நகரில் செய்தது ஐயா. அமெரிக்காக்காரன் ஓட்டுகிற வண்டியைச் செய்யத் தெரிந்த கைக்கு என்ன குறை?

"சந்தையில் இடமே இல்லை, மாருதியும் ஹூண்டாயும் அடைத்துக்கொண்டுவிட்டார்கள்" என்றால், 2019-ல் கியா அனந்தபூரில் செல்டோஸ் செய்து விற்ற விற்பனையைப் பாருங்கள். ஃபோர்டு போவதற்கு இரண்டே வருடம் முன்னால். அந்த செல்டோஸ் மலிவான காரும் இல்லை. கஞ்சர்கள்தான் வாங்கினார்கள்.

எனக்கு உண்மையில் எரிவது வேறு. போகிறவர்கள் போகட்டும், கணக்கு சரிவரவில்லை என்றால் யாரும் தொழில் நடத்த முடியாது. ஆனால் தோற்றதற்கான பழியை வாடிக்கையாளன் மேலும் தொழிலாளி மேலும் போட்டுவிட்டு, அந்தப் பழியை நம் ஊர்க்காரனே கோட்டு போட்டு டிவியில் வாசிப்பதுதான் தாங்கவில்லை. 2022-ல் மறைமலை நகர் ஆலைக்குள் இழப்பீடு கேட்டு நாட்கணக்கில் உட்கார்ந்திருந்தவர்களை எந்த ஆலோசகராவது போய்ப் பார்த்தாரா? நாற்பது வயதில், வீட்டுக்கடன் தவணை பாதியில் நிற்க, வேறு வேலை தேடுவது எப்படி என்று ஒரு ஸ்லைடு போட்டிருக்கலாமே.

இப்போது ஃபோர்டு திரும்பி வருகிறது. அதே மறைமலை நகர், 3,250 கோடி ரூபாய், புது எஞ்சின், 2029-ல் தயாரிப்பு. வரட்டும், நாலு பேருக்கு வேலை கிடைத்தால் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் கவனியுங்கள், வருவது எஞ்சின் செய்ய, நமக்குக் கார் விற்க இல்லை. இங்கே என்ன வேண்டும் என்று இந்தத் தடவையும் யாரும் நம்மைக் கேட்கப் போவதில்லை.

"வேலை போன கசப்பில் எழுதுகிறான்" என்று எழுத விரல் துடிப்பவர்களுக்கு: ஆமாம், கசப்புதான். அதனால் ஃபிகோ 2010-க்கு முன்னால் வந்துவிடுமா?